தக்களியில் நூல் நூற்கப் பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்களியைக் கையில் எடுப்பவர்கள் முதல் சில வாரங்களில் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நூல் ஏன் அறுகிறது, ஏன் முண்டு முண்டாக வருகிறது, எந்தத் தக்களி நல்லது, பஞ்சில் தொடங்கலாமா கம்பளியில் தொடங்கலாமா. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். முக்கியமாகப் பேசுவது தொங்கவிட்டுச் சுழற்றும் தக்களியைப் பற்றி. ஊன்றிச் சுழற்றும் வகை, பஞ்சைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வரும்.

தக்களி என்ன வேலை செய்கிறது?

ஒரு தண்டு, எடைக்கு ஒரு வட்டு, நூலைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி. அவ்வளவுதான் தக்களி. தண்டை விரலால் சுண்டிவிட்டால் சுழலும், அந்தச் சுழற்சி நூலில் முறுக்காக ஏறும், தக்களியின் எடை நூலைத் தொய்யாமல் கீழே இழுத்து வைத்திருக்கும். போதுமான முறுக்கு ஏறியதும் அந்த நூலைத் தண்டில் சுற்றிவிட்டு அடுத்த முழத்தை நூற்கலாம்.

நூலில் பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது முறுக்கு மட்டுமே. முறுக்கும்போது ஒவ்வொரு இழையும் பக்கத்து இழையோடு நெருங்கி உராய்கிறது. அந்த உராய்வுதான் நூலின் பலம். அதனால் பழகும்போது சுழலும் தக்களியையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முறுக்கு இப்போது எந்த இடம் வரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அந்த இடத்தில்தான் தெரியும்.

முதல் தக்களி எந்த எடையில் இருக்க வேண்டும்?

35 முதல் 50 கிராம் வரை இருந்தால் நல்லது. தொடக்கத்தில் எல்லோருக்கும் நூல் கொஞ்சம் தடிமனாகத்தான் வரும். அந்தத் தடிமனுக்கு இந்த எடை பொருந்தும். 20 கிராமுக்குக் கீழே உள்ளவை மெல்லிய நூலுக்கானவை. தடித்த நூலை அதில் மாட்டினால் நாலைந்து சுற்றிலேயே நின்று எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். 80 கிராம் என்றால் மெல்லியதாக வரும் இடங்களெல்லாம் அறுந்துவிடும்.

எடை மட்டும் அல்ல, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வட்டு அகலமாக இருந்து, எடை விளிம்பில் இருந்தால் தக்களி நிதானமாகவும் நீண்ட நேரமும் சுழலும். வட்டு சிறியதாக இருந்து, எடை தண்டை ஒட்டி இருந்தால் வேகமாகச் சுழன்று சீக்கிரம் நின்றுவிடும். பழகுபவருக்கு முதல் வகைதான் வசதி.

இதையெல்லாம்விட நான் முதலில் பார்ப்பது நடுக்கத்தை. தக்களியை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுழற்றிப் பாருங்கள். தண்டு நேராக நிற்க வேண்டும். அடிநுனி வட்டம் போட்டு ஆடினால், அழகான மரமாக இருந்தாலும் வேண்டாம்.

வட்டு மேலே இருப்பது நல்லதா, கீழே இருப்பதா?

இரண்டிலும் நல்ல நூல் வரும். வட்டு மேலே இருந்தால் கொக்கியும் மேலேயே இருக்கும், நூலை மாட்டுவதும் கழற்றுவதும் சுலபம், தண்டைத் தொடையில் உருட்டியும் வேகமாகச் சுழற்றலாம். கீழ்வட்டில் பெரும்பாலும் கொக்கி இருக்காது, ஒவ்வொரு தடவையும் தண்டின் நுனியில் ஒரு சுருக்குப் போட வேண்டும். ஆனால் அது ஆடாமல் நிதானமாகச் சுழலும். முதல் தக்களி என்றால் மேல்வட்டு என்பேன்.

வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?

தாராளமாக. பழைய குறுந்தகடு ஒன்று ஏறக்குறைய 15 கிராம் இருக்கும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 12 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டு தயார். 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள, வளைவில்லாத மரக்குச்சி வேண்டும். தகட்டின் துளை 15 மி.மீ. என்பதால் குச்சி லொடலொடக்கும். குச்சியில் ரப்பர் பேண்டையோ துணி நாடாவையோ இறுக்கமாகச் சுற்றித் துளையில் நுழையுங்கள். மேல்நுனியின் நட்டநடுவில் ஒரு திருகு கொக்கி. கொக்கி நடுவில் இல்லாவிட்டால் தக்களி ஆடும். விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து நடுவுக்குக் கொண்டுவரலாம்.

எதை நூற்றுப் பழகுவது?

செம்மறி ஆட்டுக் கம்பளி. இழையின் நீளம்தான் காரணம். கம்பளி இழை பொதுவாக 7 முதல் 12 செ.மீ. வரை இருக்கும், பஞ்சு இழையோ 2 முதல் 3 செ.மீ. தான். இழை நீளமாக இருந்தால் குறைந்த முறுக்கிலேயே நூல் நிற்கும், கை தடுமாறினாலும் உடனே பிரிந்து போகாது. போதாததற்குக் கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு, இயல்பான சுருட்டையும் உண்டு. இரண்டும் இழைகளை ஒன்றோடொன்று பிடிக்க வைக்கின்றன.

கம்பளியிலும் எல்லாம் ஒன்றல்ல. மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி தொட்டால் அவ்வளவு மெத்தென்று இருக்கும், அதனாலேயே பலரும் அதை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் நன்றாக வாரிய மெரினோ வழுக்கும், பழகாத கையில் நிற்காது. கொரிடேல் போன்ற நடுத்தரக் கம்பளியில் தொடங்குங்கள். கழுவி வாரிப் பட்டையாகச் சுருட்டிய கம்பளியை வாங்கினால் நேராக நூற்க உட்காரலாம். மெத்தையிலும் தலையணையிலும் திணிக்கும் பாலியஸ்டர் பஞ்சு வேண்டவே வேண்டாம்.

பட்டையை அப்படியே நூற்கலாமா?

வேண்டாம். கட்டை விரல் பருமனுள்ள பட்டையை நீளவாக்கில் நான்காகக் கிழியுங்கள். அதில் ஒன்றை எடுத்து, இரண்டு கைகளாலும் ஓர் இழை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுப் பிடித்து மெல்ல இழுங்கள். இழைகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவுவது கையில் தெரியும். தெரிந்ததும் நிறுத்துங்கள், கையை நகர்த்தி அடுத்த இடத்தை இழுங்கள். பட்டை பென்சில் பருமனுக்கு வந்தால் போதும்.

எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை என்றால், உங்கள் கைகள் மிக அருகில் இருக்கின்றன என்று அர்த்தம். ஒரே இழையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். இன்னும் பலமாக இழுக்காதீர்கள், கைகளை அகற்றிப் பிடியுங்கள்.

முதல் நூலை எப்படித் தொடங்குவது?

ஏதாவது ஒரு கம்பளி நூலில் 50 செ.மீ. வெட்டித் தண்டில் கட்டுங்கள். இதுதான் தொடக்க நூல். அதைக் கொக்கியில் மாட்டி, மேலே ஒரு சாண் நீளம் நிற்கும்படி விடுங்கள். அதன் நுனியை லேசாகப் பிரித்து, பட்டையின் நுனி இழைகளை அதன் மேல் விரல் நீளத்துக்குப் படிய வையுங்கள்.

இனி இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று முறுக்கேற்றுவது, இன்னொன்று இழைகளை இழுத்து விடுவது. பழகியவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள். நீங்கள் தனித்தனியாகச் செய்யுங்கள். படிந்த இடத்தைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துக்கொண்டு தக்களியைச் சுழற்றி விடுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே தொடக்க நூலில் முறுக்கு நிறைந்துகொண்டே வரும். நூல் விறைத்து, கொஞ்சம் தளர்த்தினால் சுருளப் பார்க்கும். அப்போது தக்களியை நிறுத்தி, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சுழற்சி இல்லை, அவசரமும் இல்லை. பட்டையைப் பிடித்த கையை மேலே நகர்த்தி, இழைகளை மூன்று நான்கு விரற்கடை இழுத்துவிடுங்கள். முக்கோணம் போல இழைகள் விரிந்து நிற்கும். பிறகு கிள்ளிய விரல்களை அழுத்தம் குறைத்து, அந்த முக்கோணத்தின் அகன்ற பக்கம் வரை மெதுவாக வழுக்கி மேலே கொண்டுபோங்கள். விரலுக்குப் பின்னாலேயே முறுக்கு ஓடி வரும். தட்டையாகக் கிடந்த இழைகள் உருண்டு நூலாவது கண்ணுக்கு முன்னால் நடக்கும். இந்த ஒரு கணத்தைப் பார்த்துவிட்டால் நூற்பு என்றால் என்ன என்று புரிந்துவிடும். வேறு எதையும் விட இதைத்தான் நிதானமாக, பல தடவை பார்க்கச் சொல்வேன்.

சேமித்த முறுக்கு தீரும் வரை இப்படியே இழுத்து, நகர்த்தி, இழுத்து, நகர்த்தி. தீர்ந்ததும் கிள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபடி சுழற்றுங்கள். ஒரு கை நீளம் நூல் சேர்ந்ததும் கொக்கியிலிருந்து கழற்றி, வட்டை ஒட்டித் தண்டில் சுற்றி, ஒரு சாண் மிச்சம் வைத்துத் திரும்ப மாட்டுங்கள்.

நிறுத்தி நிறுத்தி நூற்பது சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அப்படித் தாண்டியவர்கள்தான் தக்களி விழும் சத்தத்தை அதிகம் கேட்கிறார்கள். வேகம் தன்னால் வரும்.

நூல் அடிக்கடி அறுந்து தக்களி விழுகிறதே?

அறுந்த நுனியைப் பாருங்கள். மெத்தென்று விரிந்து, இழைகள் பிரிந்து கிடந்தால் அது அறுந்தது அல்ல, நழுவியது. முறுக்கு போதவில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம், நீங்கள் கவனிக்காத நேரத்தில் தக்களி நின்று, எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கியதுதான். ஏற்றிய முறுக்கையெல்லாம் அதுவே அவிழ்த்துவிடுகிறது. தக்களி வேகம் குறைவது தெரிந்த உடனே கையால் பிடித்துவிடும் பழக்கம் வந்தால் பாதி விபத்து குறையும்.

நுனி கூர்மையாக, பட்டென்று வெட்டியதுபோல் இருந்தால் நூல் எடை தாங்காமல் உண்மையாகவே அறுந்திருக்கிறது. முறுக்கு அளவுக்கு மீறி ஏறியிருக்கலாம், அல்லது நூலின் மெலிவுக்குத் தக்களி கனமாக இருக்கலாம்.

கை பழகும் வரை மெத்தையின் மேலோ கம்பளத்தின் மேலோ நின்று நூற்றுப் பழகுங்கள். கொக்கி வளையாமல் பிழைக்கும்.

ஓரிடத்தில் தடியாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் வருகிறது. ஏன்?

முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத்தான் முதலில் தேடிப் போகும். மெல்லிய இடம் மேலும் மேலும் இறுகும், தடித்த இடம் முறுக்கே ஏறாமல் பஞ்சுபோலக் கிடக்கும். இழைகளை இழுத்து முடிப்பதற்குள் முறுக்கு பட்டைக்குள் ஓடிவிட்டால், அந்த இடம் பூட்டிக்கொள்ளும், பிறகு இழுத்தாலும் வராது. அப்படி உருவாவதுதான் முண்டு.

சரிசெய்ய முடியும். முண்டின் இரண்டு பக்கமும் ஓர் இழை நீள இடைவெளியில் பிடித்து, முறுக்குக்கு எதிராகக் கொஞ்சம் திருகுங்கள். இழைகள் தளர்ந்ததும் மெதுவாக இழுத்தால் முண்டு கரைந்து நீளும். விட்டால் முறுக்கு தானே பரவிச் சமமாகும். வராமலிருக்கவும் வழி உண்டு. கிள்ளும் விரல்கள் ஒரு கதவு மாதிரி. இழைகளை இழுத்து முடிக்கும் வரை கதவைத் திறக்காதீர்கள்.

முறுக்கு போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புதிதாக நூற்ற நூலில் ஒரு முழத்தைத் தளர்த்தி மடியுங்கள். அது தானாகவே தன்மேல் சுற்றிக்கொண்டு இரட்டை நூலாகும். அந்த இரட்டை நூல் உங்களுக்குப் பிடித்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்து இடைவெளி தெரிந்தால் இன்னும் முறுக்கு வேண்டும். கம்பிபோல் விறைத்து, பக்கவாட்டில் சின்னச் சின்னச் சுருளாக எழுந்தால் அதிகம். இந்தச் சோதனையைத் தண்டில் சுற்றும் முன்பே செய்ய வேண்டும். சுற்றிச் சில நாள் கிடந்த நூலில் முறுக்கு அடங்கிவிடும், கையில் தெரியாது.

எந்தப் பக்கம் சுழற்றுவது?

ஒற்றை நூலை வலம் சுழற்றி நூற்பதே பொதுவான வழக்கம். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசை. அப்போது இழைகள் இடப்பக்கக் கீழிருந்து வலப்பக்க மேலாகச் சாய்ந்து தெரியும். இதை இசட் முறுக்கு என்பார்கள். எதிர்த்திசையில் வருவது எஸ் முறுக்கு. இரண்டில் எது என்பதைவிட, தொடங்கிய திசையை நடுவில் மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். இடக்கைக்காரர்கள் கைகளை மாற்றிப் பிடித்தால் போதும், திசையை மாற்ற வேண்டியதில்லை.

பட்டை தீர்ந்தால் எப்படிச் சேர்ப்பது?

நூலின் கடைசி ஒரு சாணை முறுக்காமல் விட்டு, இழைகளை விரித்துவிடுங்கள். புதிய பட்டையின் நுனியையும் அதேபோல் மெல்லியதாக விரித்து, இரண்டையும் 7 முதல் 10 செ.மீ. வரை ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து முறுக்கை ஏற்றுங்கள். முடிச்சுப் போடாதீர்கள். இறுக முறுக்கிய நுனியில் புதிய இழை ஒட்டாது, சும்மா மேலே சுற்றிக்கொண்டு நிற்கும், இழுத்தால் கழன்றுவிடும். அப்படிப்பட்ட நுனியைப் பிரித்துவிட்டுச் சேருங்கள், பிரிய மறுத்தால் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

பஞ்சை இதில் நூற்க முடியாதா?

முடியும், ஆனால் முதல் முயற்சிக்கு அது கடினம். பஞ்சு இழை குட்டையானது, வழவழப்பானது. போதிய முறுக்கு ஏறும் முன்பே தக்களியின் எடை இழைகளைப் பிரித்துவிடும். அதனால்தான் பஞ்சுக்கு ஊன்று தக்களி. சில கிராம் எடையுள்ள, மெல்லிய உலோகத் தண்டு. அடிநுனியை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றுவார்கள். எடையைக் கிண்ணம் தாங்கிக்கொள்கிறது, நூலின் மேல் இழுப்பே இல்லை.

ஒரு கை தண்டைச் சுண்டிவிட, மற்றக் கை பஞ்சுப் பட்டையைப் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டு பின்னால் நகரும். நூல் தண்டின் கூர்நுனியிலிருந்து பட்டை வரை நேராக நீளும். பட்டையை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். முதலில் கொஞ்சம் தளர்வாக முறுக்கி நீட்டி, மெல்லிய இடங்கள் முறுக்கைப் பிடித்துக்கொண்டதும் மேலும் நீட்டிச் சமப்படுத்தி, கடைசியில் கூடுதல் முறுக்கு ஏற்ற வேண்டும். கம்பளியைவிடப் பல மடங்கு முறுக்கு தேவைப்படும். கம்பளியில் விரல்கள் முறுக்கை உணரப் பழகிய பிறகு பஞ்சுக்கு வந்தால், அதன் வேகம் தனிச் சுகம்.

தண்டு நிறைந்துவிட்டது. அடுத்து?

தண்டில் நூல் சேரச் சேர எடை கூடும், அதே தடிமனில் நூற்பது கடினமாகும். தக்களி கனமாகத் தெரிந்தாலே இறக்கிவிடலாம், முழுதாக நிறைய வேண்டும் என்பதில்லை. ஒற்றை நூலாகவே வேண்டுமென்றால் ஒரு நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக, அதாவது பெரிய நூல் வளையமாக, எடுங்கள். நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டிய பிறகே கழற்றுங்கள். கட்டாமல் கழற்றிய சிட்டத்தின் சிக்கை எடுப்பது பெரிய தண்டனை.

இரட்டைப் புரி ஆக்குவது எதற்கு? எப்படி?

ஒற்றை நூலில் முறுக்கு ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாயலாம். இரண்டு ஒற்றை நூல்களைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் இரண்டின் இழுப்பும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். நூல் உருண்டையாகும், உறுதியாகும். ஒன்றின் மெலிந்த இடம் மற்றதன் தடித்த இடத்தோடு சேர்ந்து மறைவதும் உண்டு. பழகுபவர்களின் நூல் இரட்டைப் புரியில் நிச்சயம் பார்க்க நன்றாக மாறும்.

இரண்டு ஒற்றை நூல்களையும் தனித்தனிக் கண்டாகச் சுற்றி, ஒவ்வொன்றையும் ஒரு கிண்ணத்தில் போடுங்கள். இரண்டு நுனிகளையும் தக்களியில் சேர்த்துக் கட்டி, நூற்ற திசைக்கு நேர் எதிராகச் சுழற்றுங்கள். இரண்டு நூலும் ஒரே இறுக்கத்தில் வர வேண்டும், அதற்கு நடுவில் ஒரு விரலை விட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இங்கே இழை இழுக்கும் வேலை இல்லாததால் கை வேகமாக ஓடும். கொஞ்ச நீளத்தை வளையமாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். திருகிக்கொள்ளாமல் தொங்கினால் சமன் வந்துவிட்டது.

நூற்ற நூலைக் கழுவ வேண்டுமா?

ஆம். கம்பளிச் சிட்டத்தை வெதுவெதுப்பான நீரில், துளி சோப்பு விட்டு, 20 நிமிடம் சும்மா ஊறவிடுங்கள். கசக்காதீர்கள், மிகச் சூடான நீரிலிருந்து சட்டென்று குளிர்ந்த நீருக்கு மாற்றாதீர்கள். இரண்டும் கம்பளியைச் சிக்காக்கி ஒட்ட வைக்கும். துண்டில் வைத்து அழுத்தி நீரை எடுத்து, சிட்டத்தின் இரண்டு பக்கமும் கையை விட்டு நான்கைந்து முறை உதறி இழுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். அடியில் எடை கட்ட வேண்டாம், நூலின் துள்ளல் போய்விடும். பஞ்சு நூலுக்கு இந்த மென்மை போதாது. கொஞ்சம் சோப்புப் போட்ட நீரில் கொதிக்கவிட்டால்தான் முறுக்கு நன்றாகப் படியும்.

தோள் வலிக்கிறது.

கையை உயரத் தூக்கி வைத்திருப்பதால். பட்டையைப் பிடித்த கை நெஞ்சு மட்டத்துக்கு மேல் போக வேண்டியதில்லை, முழங்கை உடம்பை ஒட்டியே இருக்கட்டும். உட்கார்ந்து நூற்றால் நூல் சீக்கிரம் தரையைத் தொடும், அடிக்கடி சுற்ற வேண்டியிருக்கும், ஆனால் தோள் தப்பிக்கும். கால் மணிக்கு ஒருமுறை கையை உதறிவிடுங்கள். நாளுக்கு 15 நிமிடம் என்று தினமும் நூற்பவர்கள், வாரத்தில் ஒரே நாள் மூன்று மணி நேரம் உட்காருபவர்களைவிட விரைவில் தேறுகிறார்கள்.

ராட்டை இருக்கும்போது தக்களி எதற்கு?

ஒரு மணி நேரத்தில் ராட்டை அதிக நூல் தரும், சந்தேகமில்லை. கை பழகியவருக்கும் 100 கிராம் மெல்லிய நூலைத் தக்களியில் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். ஆனால் தக்களி பையில் போகும். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலும் நூற்கலாம். ராட்டை வருவதற்கு முன் பல ஆயிரம் ஆண்டுகள் மனிதர்கள் உடுத்திய துணியும், கப்பல்களின் பாயும், எகிப்தில் மம்மிகளைச் சுற்றிய லினனும் தக்களியில் முறுக்கேறிய நூலால் ஆனவையே. தக்களியில் பழகிவிட்டு ராட்டைக்குப் போகிறவர்களுக்கு விரல்கள் ஏற்கெனவே தயாராக இருக்கும். காலால் மிதித்துச் சுழற்றும் ராட்டை என்றால் கால் வேலையை மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

முதலில் வந்த கோணல் நூலை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். தடிமன் மாறி மாறி வரும் நூல், நெசவில் ஊடையாக, அதாவது குறுக்கு நூலாக, போனால் துணிக்கு நல்ல மேடு பள்ளம் தரும். தடித்த ஊசியில் பின்னவும் ஆகும். அதோடு அதில் ஒரு மீட்டரை வெட்டி அட்டையில் சுற்றி, எந்தக் கம்பளி, தக்களி எத்தனை கிராம், எந்தப் பக்கம் சுழற்றியது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே பட்டையின் ஒரு துணுக்கையும் ஒட்டுங்கள். பின்னால் அதே மாதிரி நூல் வேண்டும் என்று தோன்றும்போது அந்த அட்டை இல்லாமல் முடியாது. கை தேறிய பிறகு அப்படி முண்டு முண்டாக நூற்பது வேண்டுமென்றே முயன்றாலும் லேசில் வராது.